ஒரு தொண்டை வலியும் ஏழு எழுத்துகளும்

கெர்மிட் என்கிற பச்சைத் தவளை பொம்மையை டிவியிலோ டீ-ஷர்ட்டிலோ எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அதை உருவாக்கி, உள்ளே கையை விட்டு ஆட்டி, குரலும் கொடுத்தவர் ஜிம் ஹென்சன். 1990 மே 4-ம் தேதி அமெரிக்காவில் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு வந்தபோது அவருக்கு லேசா தொண்டை வலி. அதுக்கெல்லாம் யார் ஆஸ்பத்திரி போறாங்க? அவரும் போகலை. 15-ம் தேதி விடியற்காலையில் மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. 16-ம் தேதி விடியறதுக்குள்ளே இறந்துட்டார். வயசு 53.

அவரைக் கொன்னது ஏதோ ஆப்பிரிக்கக் காட்டு வைரஸ் இல்லீங்க. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜினஸ். செல்லமா குரூப் ஏ ஸ்ட்ரெப். ஸ்கூல் போற பசங்களுக்கு மழைக்காலத்துல தொண்டை கட்டி, எச்சில் முழுங்க முடியாம அழுவாங்களே, அதுல கணிசமான கேஸ்களுக்குக் காரணம் இதே பாக்டீரியாதான். நாலு வருஷம் கழிச்சு, 1994 டிசம்பரில், கனடாவின் கியூபெக் அரசியல்வாதி லூசியன் பூஷார்டின் இடது காலை இதே கிருமி எடுத்துக்கிச்சு. அவர் பிழைச்சு, 1996-ல் கியூபெக்கின் பிரீமியராவும் ஆனார். "சதை தின்னும் பாக்டீரியா"ன்னு பத்திரிகைகள் பயமுறுத்தினது அந்தக் காலகட்டத்தில்தான்.

இப்போ ஒரு கணக்கு பாருங்க. 2005-ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 61 கோடி பேருக்கு இந்தக் கிருமியால் தொண்டை வலி வருது. ரத்தத்துக்குள்ளயும் தசைக்குள்ளயும் பாயற தீவிரத் தொற்று 6 லட்சத்து 63 ஆயிரம் பேருக்கு. அதில் இறந்து போறவங்க 1 லட்சத்து 63 ஆயிரம். அதாவது தொண்டையில் ஆயிரம் தடவை சும்மா வந்துட்டுப் போகிற கிருமி, ஒரு தடவை கொலைகாரனா மாறுது. ஒரே கிருமி. ஏன்?

இதை நான் தேடிப் படிச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஹாஸ்டலில் நாலு வருஷம் என் ரூம்மேட்டா இருந்தவனோட அப்பா போன வருஷம் இறந்துட்டார். கெண்டைக்காலில் வலின்னு ஆரம்பிச்சது. வெளியே பார்த்தா லேசான சிவப்பு, அவ்வளவுதான். ஆனா மனுஷன் கத்தறார். தைலம் தேய்ச்சாங்க, சுளுக்குன்னு நினைச்சாங்க. மறுநாள் காய்ச்சல், வாந்தி, பிரஷர் இறங்கிப் போச்சு. ஆபரேஷன் பண்ணி அழுகின சதையை எடுத்தாங்க. மூணாம் நாள் முடிஞ்சுடுச்சு. கல்ச்சர் ரிப்போர்ட் காரியத்துக்கு முன்னாடி நாள் வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜினஸ்.

அதுக்கு முந்தின வாரம் அவன் அக்காவும் அவங்க எட்டு வயசுப் பையனும் லீவுக்கு ஊருக்கு வந்திருக்காங்க. பையனுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். டாக்டர் ஸ்ட்ரெப்புன்னு சொல்லி மருந்து கொடுத்திருக்கார். பேரன் தாத்தா பக்கத்துலதான் படுத்துக்கிட்டிருந்தான். காரிய வீட்டில் ஒரு பெரியம்மா, பையன் காதில் விழற மாதிரியே சொல்லிட்டாங்க: "பேரன் கொண்டாந்த சளி தாத்தாவைக் கொண்டு போயிடுச்சு."

நம்ம சனத்துக்கு நாக்குல எலும்பு இல்லைங்கறது தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அந்தப் பையன் அதுக்கப்புறம் ரெண்டு மாசம் யார் பக்கத்திலயும் படுக்கலை. அவன் அம்மா பக்கத்தில்கூட.

"மச்சான், நீதான் எதையாவது தோண்டிப் படிப்பியே, இது உண்மையான்னு பார்த்துச் சொல்லுடா"ன்னான் நண்பன். நான் டாக்டர் இல்லை, கோடு அடிக்கிறவன். கடைசியா பயாலஜி படிச்சது பத்தாம் வகுப்பில். ஆனாலும் உட்கார்ந்தேன். இனி வர்றது அப்படிப் படிச்சது. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

இந்தக் கிருமியோட மொத்த மரபணுத் தொகுப்பு சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம் எழுத்துகள். 2001-லேயே முழுசாப் படிச்சுட்டாங்க. அதில் ரெண்டு ஜீன்கள் ஜோடியா வேலை செய்யுது: கோவ்-ஆர், கோவ்-எஸ். கோவ்-எஸ் கிருமியோட சவ்வில் உட்கார்ந்துக்கிட்டு வெளியே என்ன நடக்குதுன்னு உளவு பார்க்கிற சென்சார். கோவ்-ஆர் உள்ளே இருக்கிற அதிகாரி. சென்சார் "எல்லாம் அமைதி"ன்னு சொல்ற வரைக்கும், அதிகாரி ஆயுதக் கிடங்கைப் பூட்டியே வெச்சிருப்பார். கிருமியோட ஜீன்களில் பத்து சதவீதத்துக்கும் மேல இந்தப் பூட்டின் கீழ் வருது.

அதாவது அந்தக் கிருமிகிட்ட கொலை ஆயுதம் எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கு! புதுசா எதையும் அது கத்துக்க வேண்டியதில்லை. அதைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கிறது ஒரு பிரேக்.

2006-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் முஸ்ஸர் குழு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. நோயாளிகளிடம் எடுத்த ஒன்பது கிருமி வகைகளில் எந்தெந்த ஜீன் ஓடுது, எது தூங்குதுன்னு பார்த்திருக்காங்க. பார்த்தா, ரெண்டே ரெண்டு தினுசுதான். ஒண்ணு தொண்டை தினுசு, இன்னொண்ணு ஊடுருவும் தினுசு. நடுவில் எதுவும் இல்லை. அடுத்து, தொண்டை தினுசை எலியோட தோலுக்கு அடியில் ஊசி போட்டு, புண்ணிலிருந்து திரும்ப எடுத்தா, சிலது ஊடுருவும் தினுசா மாறி வெளியே வருது. அப்படி மாறின ஒண்ணோட மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படிச்சு, பழசோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. நம்ம பாஷையில் டிஃப் போட்டாங்க.

18 லட்சம் எழுத்துகளில் ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம். கோவ்-எஸ் ஜீனில், ஏழு எழுத்து அளவுக்கு ஒரு பிழை.

ஏழு எழுத்துதானேன்னு தோணும். ஜீனை செல் மூணு மூணு எழுத்தாப் படிக்குது. ஏழு, மூணால் வகுபடாத எண். அதனால அந்த இடத்துக்கு அப்புறம் வர்ற ஒவ்வொரு மூணும் தப்பான இடத்தில் வெட்டுப்பட்டு, மீதி வாக்கியம் முழுக்க உளறலாயிடும். மூணு எழுத்தோ ஆறு எழுத்தோ போயிருந்தா புரதம் ஒருவேளை தப்பிச்சிருக்கும். ஒரு ரூபாய் மதிப்புள்ள கமாவை விட்டுட்டு ராத்திரி பூரா பக் தேடினவங்களுக்கு இது புதுசா இருக்காது.

சென்சார் போச்சுன்னா பூட்டும் போச்சு. அப்புறம் என்ன ஆகும்?

முதல்ல, கிருமி தன்னைச் சுத்தி ஹயலுரானிக் அமிலத்தால் தடிமனா ஒரு போர்வை போர்த்திக்குது. இது நம்ம உடம்பிலேயே இருக்கிற பொருள் (முகக் கிரீம் விளம்பரத்தில் வருமே, அதேதான்). நம்ம வெள்ளை அணுவுக்கு அது சொந்தக்காரன் மாதிரி தெரியும். ரெண்டாவது, "இங்கே சண்டை, ஓடி வாங்க"ன்னு வெள்ளை அணுக்களைக் கூப்பிடற இன்டர்லூக்கின்-8 என்கிற ரசாயனத்தை வெட்டிப் போட ஒரு நொதியைக் கொட்டுது. போலீஸ் ஸ்டேஷன் டெலிபோன் வயரை அறுக்கிற மாதிரி.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ். பேரைக் கேட்ட ஞாபகம் இருக்கா? மாரடைப்பு வந்தவங்களுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கப் போடற ஊசி. நம்ம ஊரில் எத்தனையோ குடும்பத் தலைவர்களைக் காப்பாத்தின மருந்து. அது இந்த ஸ்ட்ரெப் குடும்பத்துச் சரக்கு. 1933-ல் வில்லியம் டில்லெட் என்பவர் இந்தக் கிருமிகள் ரத்தக்கட்டியைக் கரைக்கிறதைக் கண்டுபிடிச்சு எழுதினார். மருந்துக்கு எடுக்கிறது பெரும்பாலும் குரூப் சி என்கிற பங்காளிகிட்டேயிருந்து. ஒரு இடத்தில் தொற்று வந்தா உடம்பு அதைச் சுத்தி ரத்தக்கட்டியால் வேலி கட்டும். கிருமி அந்த வேலியைக் கரைச்சுக்கிட்டு வெளியே வர்றதுக்கு வெச்சிருக்கிற சாவிதான் நாம மருந்தா மாத்திக்கிட்டது.

சாதாரண நாளில் இந்தச் சாவியைக் கிருமியே பாதி கெடுத்துடும். ஸ்பீ-பி-ன்னு அதுகிட்ட ஒரு புரதவெட்டி உண்டு. தொண்டை தினுசில் அது நிறைய சுரக்கும், கிருமியோட சொந்த ஆயுதங்களையே அரிச்சுடும். பிரேக் உடைஞ்ச கிருமியில் ஸ்பீ-பி சுரக்கிறது கிட்டத்தட்ட நின்னுடும். ஆயுதம் எல்லாம் முழுசாத் தங்கும்.

சரி, பிழை எப்படி வருது? அதில் சதி ஒண்ணும் இல்லை. பாக்டீரியா பிரியும்போது பொதுவா சில நூறு பிரிதலுக்கு ஒரு எழுத்துப்பிழை விழும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. முந்நூறுக்கு ஒண்ணுன்னு வெச்சு நான் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் 10 கோடி கிருமி பெருகினா மூணு லட்சத்துச் சொச்சம் பிழை. கோவ்-எஸ் ஜீனோட நீளம் சுமார் 1,500 எழுத்து. அதுக்குள்ள மட்டும் 270 பிழை விழும். அதில் பத்தில் ஒண்ணுதான் ஜீனை உடைக்கும்னாலும், பிரேக் இல்லாத கிருமி 27 பேர் அந்தக் கூட்டத்தில் நடமாடிக்கிட்டிருக்காங்க. கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஆனா பிழை விழறது அதிசயம் இல்லை, விழாம இருந்தாதான் அதிசயம்.

10 கோடியில் 27 பேர் ஒரு பொருட்டே இல்லை. அவங்க ஜெயிக்கணும்னா மத்தவங்க சாகணும். சாகடிக்கிறது யாருன்னா... நாமதான். நம்ம வெள்ளை அணுக்கள்.

நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு, சாகும்போது தன்னோட டி.என்.ஏ.வையே வலையா வீசிக் கிருமியைப் பிடிக்கும்னு 2004-ல் பெர்லினில் இருக்கிற ஒரு மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் கண்டுபிடிச்சது. (தன் குடலை உருவி வலை வீசற மாதிரி. படிச்சுட்டு ஒரு நாள் பூரா அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன்.) உலகம் பூரா 1980-களிலிருந்து பரவின எம்1டி1 என்கிற ஸ்ட்ரெப் வகைகிட்ட, அந்த வலையை அறுக்கிற கத்தரி ஒண்ணு உண்டு. எஸ்.டி.ஏ-1ன்னு பேர். அதுவும் சொந்தச் சரக்கு இல்லை, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டு வந்து சேர்த்தது. ஸ்பீ-பி இருந்தா கத்தரியும் அரிபட்டுடும். பிரேக் உடைஞ்சவங்ககிட்ட ஸ்பீ-பி இல்லை, அதனால கத்தரி கூர்மையா இருக்கும். வலையில் சிக்கி மத்தவன் எல்லாம் சாக, இவங்க மட்டும் அறுத்துக்கிட்டு வெளியே வர்றாங்க. ஆஸ்திரேலியாவில் மார்க் வாக்கரும் அமெரிக்காவில் விக்டர் நிசெட்டும் சேர்ந்து 2007-ல் காட்டினது இது: அந்தக் கத்தரி ஜீனை எடுத்துட்டா எலிக்குள்ள இந்த மாற்றமே நடக்கலை.

அப்போ பொல்லாத கிருமி வெளியேயிருந்து அப்படியே உள்ளே நுழையணும்னு இல்லை. சாதாரணக் கிருமி நுழைஞ்சு, அந்த ஆளோட உடம்புக்குள்ளேயே, அந்த ஆளோட காவல்படை வடிகட்டின வடிகட்டலில் பொல்லாதது மிஞ்சலாம்.

இவ்வளவு பலசாலின்னா ஏன் எல்லார் தொண்டையிலும் இதுவே இல்லை? இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தடிமனா போர்வை போர்த்திக்கிட்டதால, தோல் செல்களிலும் தொண்டை மாதிரி இடங்களிலும் ஒட்டிக்கிற திறமை இதுக்குக் குறைஞ்சு போயிடுது. 2010-ல் அதே நிசெட், வாக்கர் கூட்டத்திலிருந்து வந்த ஆராய்ச்சி இதைச் சொல்லுது. ஆனா ஒரு ஆள்கிட்டேயிருந்து இன்னொரு ஆளுக்குப் போற பஸ் ஸ்டாண்டு தொண்டைதான். காலின் தசைக்குள்ளே ராஜாவா இருந்து என்ன பிரயோஜனம், அங்கேயிருந்து யாரும் இருமறது இல்லையே. அதே 2010-ல் ஜப்பானில் கடுமையான ஸ்ட்ரெப் ஷாக் நோயாளிகளின் கிருமிகளைப் பிரிச்சுப் பார்த்தப்போ, கிட்டத்தட்ட பாதியில் இந்த மாதிரி பிரேக் ஜீன்கள் உடைஞ்சிருந்தது. சாதாரணத் தொற்று உள்ளவங்ககிட்ட எடுத்ததில் நூத்துக்கு ரெண்டுகூட இல்லை. உடைஞ்சது பெரும்பாலும் அந்த ஆளுக்குள்ளேயே பிறந்து, அந்த ஆளோடயே முடிஞ்சு போகுது.

எல்லாத்தையும் இந்த ஒரே பிழை மேல தூக்கிப் போடவும் முடியாது. தீவிரத் தொற்று வந்தவங்கள்ல மீதிப் பாதிக்கு பிரேக் சரியாவே இருந்திருக்கு. சர்க்கரை, வயசு, தோலில் ஒரு சின்னக் கீறல், நம்ம எதிர்ப்புச் சக்தியின் குணம்னு பல விஷயம் சேருது. இன்னொண்ணு, எம்1யூகேன்னு ஒரு வகை. பழைய எம்1-லிருந்து 27 எழுத்து மட்டும் மாறி, ஒரு நச்சைப் பல மடங்கு அதிகமாச் சுரக்குதுன்னு 2019-ல் லண்டனிலிருந்து அறிவிச்சாங்க. இது தொண்டையிலேயும் ஜம்முனு வாழும், பரவவும் செய்யும். பல நாடுகளுக்குப் போயிருக்கு, ஜப்பானிலும் கண்டுபிடிச்சாங்க. அங்கே 2023-ல் ஸ்ட்ரெப் ஷாக் கேஸ்கள் 941, அதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை. அதனால "பரவறதெல்லாம் சாது"ன்னு சொல்லிட முடியாது.

ஒரு நல்ல சேதி, பெனிசிலினுக்கு இந்தக் கிருமி இன்னும் அடங்குது. ஆனா கூட்டம் பெருத்துப் பெருகறது மந்தமானா பெனிசிலின் சரியா வேலை செய்யாதுன்னு ஹாரி ஈகிள் 1952-லேயே எலியில் காட்டிட்டார். அதனாலதான் நச்சு உற்பத்தியையே நிறுத்தற கிளிண்டாமைசினையும் சேர்த்துக் கொடுத்து, கத்தியும் வைக்கிறாங்க. எல்லாமே மணிக்கணக்கில் நடக்கணும். வெளியே தெரியற புண்ணுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வலி, கூட காய்ச்சல்னா, தைலத்தைத் தேடாம வண்டியை எடுங்க. நண்பன் வீட்டில் யாருக்கும் அது தெரியலை. எனக்கும் அன்னைக்குத் தெரியாது.

இதையெல்லாம் படிச்சு முடிச்சு அவனோட அக்காவுக்கு போன் பண்ணினேன். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். பொறுமையா கேட்டாங்க. கடைசியில் ஒரே கேள்வி.

"அப்போ என் பையன்கிட்டேயிருந்து வரலைன்னு அடிச்சுச் சொல்லுவியா தம்பி?"

அப்பா காலில் இருந்த கிருமியோட மரபணுவை யாரும் படிக்கலை. பையன் தொண்டையில் இருந்ததையும் படிக்கலை. சொல்லலாம், சொன்னா அவங்களுக்கு நிம்மதி. ஆனா நாளைக்கு அவங்களே எங்கேயாவது படிச்சா?

"சொல்ல முடியாதுக்கா. வந்திருக்கலாம். கடையில, பஸ்ஸுல, கோயில்ல யார்கிட்டேயிருந்து வேணும்னாலும் வந்திருக்கலாம். ஆனா இவன்கிட்டேயிருந்தே வந்திருந்தாலும், வந்தது ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் இந்த மாதிரி திரும்பும். அது திரும்பறது அப்பா உடம்புக்குள்ள நடக்கிற விஷயமாத்தான் பெரும்பாலும் இருக்கும். அவன் கொண்டு வந்தது தொண்டை வலிதான்க்கா. அவனுக்கு வந்த அதே தொண்டை வலி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை நீயே அவன்கிட்ட சொல்லிடு தம்பி, நான் சொன்னா அழுதுடுவேன்"ன்னு போனைக் கொடுத்துட்டாங்க.

எட்டு வயசுப் பையன்கிட்ட கோவ்-எஸ் பத்தி என்னத்தைச் சொல்ல? பூட்டு உடைஞ்ச கதையைத்தான் சொன்னேன். நல்லாத்தான் கேட்டான். பூட்டை யார் உடைச்சாங்கன்னான். யாரும் உடைக்கலை, எழுதும்போது ஸ்பெல்லிங் மிஸ்டேக்குன்னேன். தாத்தாவுக்குள்ளயான்னான். ஆமா, பெரும்பாலும் தாத்தாவுக்குள்ளதான்னேன்.

"அப்போ என் தொண்டையில இருந்தது?"

"மருந்து முழுசா குடிச்சியா?"

"பத்து நாளும் குடிச்சேன் மாமா. பிங்க் கலர். நல்லாவே இல்லை."

"அப்போ அது எப்பவோ போயிருக்கும்டா."

"சரி"ன்னான். ஐ.பி.எல்.-ல நீங்க எந்த டீம்னு கேட்டான்.